சாகாமல் பார்த்துக்கொண்டவன்

அந்த ஆவணி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்விதான். "செத்துச்சா?" நான் லேபிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் என் வீட்டுக்காரர் சுதீஷ் கேட்பார். நான் "இல்ல" என்பேன். அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டு பாப்பாவைத் தூக்கி என் மடியில் போடுவார். அவருக்கு சாலைக் கம்போளக் கடைவீதியில் கணக்கு எழுதும் ஆபீஸ். ஒரு நாள் கடைக்காரர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது போனில் என்னிடம், "இன்னைக்காவது சாகுமா, இல்ல இப்படியே இழுத்துக்கிட்டுக் கிடக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அவர்களில் ஒருத்தர் எழுந்து வந்து தோளைத் தொட்டு, "வீட்டுல பெரியவங்களுக்கு முடியலையோ?" என்று விசாரித்தாராம். இவர் அதற்கு விளக்கம் சொல்லப் போய், கடைசியில் அந்த மனிதர் பயந்துபோய் டீ குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

சாக வேண்டியது பெரியவர்கள் யாருமில்லை, புற்று செல்கள். வாய்ப்புற்றிலிருந்து எடுத்து வளர்க்கிற செல்கள். நான் திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் பிஎச்டி செய்கிறேன். ரொம்ப வருஷமாகச் செய்கிறேன் என்பதால் சொந்தக்காரர்கள் இப்போது எப்போது முடியும் என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்த மரியாதை.

விஷயம் இதுதான். செல்லுக்குள் இருக்கும் குரோமோசோம் ஒவ்வொன்றின் நுனியிலும் டெலோமியர் என்று ஒரு பகுதி உண்டு. செல் இரண்டாகப் பிரியும் ஒவ்வொரு தடவையும் அந்த நுனி கொஞ்சம் தேயும். தேய்ந்து ஒரு அளவுக்குக் கீழே போனால் செல் பிரிவதை நிறுத்திவிடும், இல்லாவிட்டால் செத்துப்போகும். புற்று செல் இதற்கெல்லாம் மசியாது. டெலோமரேஸ் என்கிற நொதியை வேலைக்கு வைத்துத் தேய்ந்த நுனியை மறுபடி நீட்டிக்கொள்ளும். ஆனால் டெலோமரேஸ் தானாகப் போய் நுனியில் உட்காராது. நுனியைக் காவல் காக்கிற புரதக் கூட்டத்தில் டிபிபி-1 என்று ஒருவர் இருக்கிறார். அவர் கை நீட்டிப் பிடித்து உட்கார வைத்தால்தான் வேலை நடக்கும். நான் செய்தது அந்தக் கையை வெட்டியதுதான். கை வெட்டிய புரதத்தைச் செல்லுக்குள் ஏராளமாகச் செய்ய வைத்தால், அது அசல் புரதத்தின் இடத்தை அடைத்துக்கொள்ளும். டெலோமரேஸ் வாசலிலேயே நிற்கும், நுனி தேயும், புற்று சாகும். வேறு சில செல்களில் இப்படி நடக்கிறது என்று படித்திருந்தோம். எங்களுடைய வாய்ப்புற்று செல்லில் நடக்குமா என்பதுதான் என் தீசிஸ்.

இதில் ஒரு தொல்லை, நுனி தேய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை செல்களை உட்கார்ந்து வளர்க்க வேண்டும். குப்பியில் இளஞ்சிவப்புத் திரவம் ஊற்றி, இன்குபேட்டரில் வைத்து, நெருக்கமாக வளர்ந்ததும் கொஞ்சம் எடுத்துப் புதுக் குப்பிக்கு மாற்றி, மிச்சத்தைக் கொட்டி, மறுபடி வளர்த்து, மறுபடி மாற்றி. கல்யாணம், காதுகுத்து, ஹர்த்தால் எதுவும் செல்லுக்குத் தெரியாது. வளர்க்கிறவருக்கு ஆசை வந்து கண் பொய் சொல்லிவிடக் கூடாது என்று எங்கள் கைடு பத்மப்ரியா மேடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். கை வெட்டிய செல் எது, அசல் செல் எது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வகைக்குச் சிவப்பு டேப், இன்னொன்றுக்கு நீல டேப். சிவப்பில் மூன்று குப்பி, நீலத்தில் மூன்று குப்பி. எந்த நிறம் எது என்பது மேடத்துக்கு மட்டும்தான் தெரியும்.

ஆரம்பித்த கொஞ்ச நாளில் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. மேடத்திடம் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "சந்தோஷம் திவ்யா. ஆனா செல்லுக்கும் உனக்கும் ஒரே சமயத்துலதான் பேறுகாலம் வரணுமா?" என்றார். கேலிதான். ஆனாலும் அது என் மனசில் முள்ளாகத் தைத்து, அப்புறம் பல நாள் எடுபடவே இல்லை.

பிரசவ லீவில் போகும்போது குப்பிகளைக் கைலாஷிடம் ஒப்படைத்தேன். கைலாஷ் எனக்கு ஒரு வருஷம் ஜூனியர், கரமனை அக்கிரகாரத்துப் பையன். படிப்பில் கெட்டிக்காரன், அதைவிடச் சுத்தக்காரன். கையுறைக்கு மேல் கையுறை போடுவான். குப்பியைத் திறந்து வேலை செய்கிற கண்ணாடிக் கூண்டான ஹூடைத் துடைத்துவிட்டு, துடைத்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடி துடைப்பான். இவனைவிடப் பத்திரமான கை லேபில் இல்லை என்று எல்லோரும் சொன்னோம். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதுகூட, "சேச்சி, கவலப்படாதீங்கோ, உங்க செல் எல்லாம் சுகமா இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதுவான். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. அதைப் படித்து ஆறுதல் பட்ட என் புத்தியை இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

லீவு முடிந்து ஆவணியில் திரும்பி வந்தேன். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சிவப்பும் நீலமும் பொங்கி வழிகின்றன. சிவப்பில் ஒரு குப்பி கொஞ்சம் மந்தம், அவ்வளவுதான். சரி, இன்னும் கொஞ்ச நாள் என்று காத்திருந்தேன். அப்போதுதான் வீட்டில் அந்த "செத்துச்சா?" ஆரம்பித்தது. நாகர்கோவிலிலிருந்து என் மாமியார் பிச்சம்மாள் போன் செய்து, பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கச் சொன்னார். அம்மா சொன்னால் சுதீஷ் தட்டமாட்டார், தினம் காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் ஒன்று உடைத்துவிட்டுப் போனார். ஓர் உயிர் போக வேண்டும் என்று பிள்ளையாரிடம் எப்படி வேண்டிக்கொள்வது என்று கேட்டேன். "புற்றுன்னு சொல்லிட்டேன், அவருக்குப் புரியும்" என்றார்.

ஓணத்துக்கு முந்தின வாரம் மேடம் என்னைக் கூப்பிட்டு நிற ரகசியத்தை உடைத்தார். சிவப்புதான் கை வெட்டியது, நீலம் அசல்.

"ரெண்டும் ஒரே மாதிரி வளர்ந்திண்டிருக்கு திவ்யா," என்றார். "இத்தனை மாசத்துல நுனி தேஞ்சிருக்கணும். தேயலைன்னா அர்த்தம் என்ன? இந்த செல்லுக்கு டிபிபி-1 கை இல்லாமலே வேற வழி இருக்கு. நம்ம ஐடியா இங்க வேலை செய்யலை."

"இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம் மேடம்."

"ஓணம் லீவு முடிஞ்ச உடனே ரிவ்யூ கமிட்டி. அவாளுக்கு என்ன காட்டுவே? வளந்துண்டே இருக்கற குப்பியையா?" மேடம் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அதனால் இன்னும் வலித்தது. "டாபிக்க மாத்திடலாம். மருந்து டெஸ்ட் பண்ற ப்ராஜெக்ட்ல ஒரு இடம் இருக்கு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், ஆனா முடிஞ்சுடும். நீ லீவுல போறதுக்கு முன்னாடி ஒரு ரீடிங் எடுத்து வெச்சிருந்தாலாவது ஏதாவது சொல்லலாம். அதுவும் இல்லே."

மருந்து ப்ராஜெக்ட் என்றால் பழைய வேலை மொத்தமும் குப்பைத் தொட்டிக்கு. முதலிலிருந்து என்றால் பாப்பா பள்ளிக்கூடம் போகும்போது நானும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பேன். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னால் பொறுக்க முடியாதது அந்த "லீவுல போறதுக்கு முன்னாடி". பிள்ளை பெற்றதால்தான் வேலை கெட்டது என்று யாரும் வாய் விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது, சில நாள் கண்ணாடியில் என் முகத்திலும் எழுதியிருந்தது. அன்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் கை வைத்து அழுதேன். சுதீஷ் தட்டை எடுத்து மூடி வைத்தார்.

ஓணத்துக்கு முதல் நாள், உத்திராடத்தன்று, நிலையத்துக்கு லீவு. லேப் காலி. முந்தின நாள் முன்கூடத்தில் தரையில் பூவால் போட்ட பூக்களம் வாடி, செண்டுமல்லி நாற்றமடித்துக்கொண்டிருந்தது. செல்லுக்கு லீவு கிடையாது என்பதால் நான் போனேன். அதே நியாயத்தில் கைலாஷும் வந்திருந்தான். மைக்ரோஸ்கோப்பில் சிவப்பு இரண்டாம் குப்பியைப் பார்த்தேன். அந்த மந்தக் குப்பி. செல்கள் ஒன்றிரண்டாக, தோசைக்கல்லில் பரத்தியது போலத் தட்டையாக, அகலமாகக் கிடந்தன. பிரிகிற செல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. என்ன இது என்று நான் கண்ணை எடுப்பதற்குள் பின்னாலிருந்து கைலாஷ் கையை நீட்டினான்.

"சேச்சி, அதை இங்க தாங்கோ. நான் மாத்தி வெச்சுடறேன்."

"எதை?"

"ரெண்டாவது சிவப்பு. வாடிப் போயிருக்கு, கண்டில்லே? இது ஒண்ணுதான் இதுவரைக்கும் வாடாம நின்னுது. கஷ்டம், இதுவும் போச்சு."

"மாத்தி வைக்கிறதுன்னா?"

"பக்கத்துல நன்னா இருக்கற சிவப்புலேர்ந்து கொஞ்சம் எடுத்துப் புதுக் குப்பில போட்டுட்டு, இதை ப்ளீச்சிங் தண்ணில கொட்டிடுவேன். எப்பவும் பண்றதுதானே."

"எப்பவும்னா எப்பலருந்து?"

"நீங்க லீவுல போனதுலேர்ந்து," என்றான், அது பெருமைக்குரிய விஷயம் போல.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சுடும். அப்புறம் என் அம்மை ஊரான நாஞ்சில் நாட்டுப் பேச்சு தானாக வந்துவிடும். "கூறுகெட்ட பயலே!" என்றேன். "என்ன வேலடே செஞ்சு வச்சிருக்க? செத்தத எல்லாம் கொட்டிட்டு, சாகாததப் பெருக்கி வச்சிருக்கியே! மூணு குப்பி எதுக்கு வச்சோம்? நீ பாலுக்கு உறை ஊத்துற மாதிரி நல்லதாப் பாத்து எடுத்து ஊத்துவன்னா? சாகுதான்னு பாக்கத்தான்டே இத்தன நாளும் வளத்தோம்! அறிவு எங்க வச்சிருந்த நீ?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்கு எந்தக் கலர் எதுன்னு தெரியாதே சேச்சி. மேடம் சொல்லலையே. எனக்கு நீலமும் சிவப்பும் ஒண்ணுதான். வாடித்துன்னா, என் கை வழியா ஏதோ உள்ளே கேறிடுத்துன்னு நெனச்சேன். பூசணமோ, கண்ணுக்குத் தெரியாத மைக்கோபிளாஸ்மா கிருமியோ. மழைக்காலம் வேற. நீங்க நம்பி என் கையில ஏல்பிச்சுட்டுப் போனது, பிள்ளையத் தூக்கிண்டு திரும்பி வரப்போ செத்துக் கிடந்தா, நான் எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

நான் கதவை அறைந்துவிட்டு வெளியே வந்தேன். வராந்தாவில் மழைச் சாரல். என் தீசிஸை ஒருத்தன் பாசத்தால் கொன்றுவிட்டான் என்று நினைக்க நினைக்க ஆறவில்லை. யாரிடமாவது கொட்ட வேண்டும் என்று சுதீஷுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். பின்னணியில் பாப்பா கத்திக்கொண்டிருந்தாள்.

"இரு இரு," என்றார். "நேத்து வர சாகலன்னு அழுத. இப்ப செத்துச்சுன்னு அழுற. நான் எதுக்குத்தான் சந்தோஷப்படணும்?"

அவர் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அதில்தான் பொறி தட்டியது. கோபத்தில் நான் கைலாஷ் செய்ததையே பார்த்துக்கொண்டிருந்தேன், செல்கள் செய்ததைப் பார்க்கவில்லை. போனை அணைத்துவிட்டு ஓடினேன். கைலாஷ் ஸ்டூலில் கைகளை மடியில் வைத்து, நான் விட்டுப்போன மாதிரியே உட்கார்ந்திருந்தான்.

"நீலத்துல எப்பவாவது வாடிச்சாடே?"

"இல்லை. சிவப்பு மாத்திரம்தான். ஒண்ணாவது போகும், மூணாவதுலேர்ந்து எடுத்து வெப்பேன். அப்புறம் மூணாவது போகும். அந்தத் தட்டுலதான் ஏதோ கொழப்பம்னு இன்குபேட்டர்ல தட்டைக்கூட மாத்தி வெச்சேன். நீலம் இருந்த எடத்துல சிவப்பை வெச்சாலும் சிவப்புதான் வாடும். ரெண்டு மாசமா ஒண்ணாவதும் மூணாவதும் வாடலை. நான் கை பழகிடுத்துன்னு நெனச்சேன்."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாடியது என் செல். கை வெட்டியது மட்டும். மேடம் பார்த்துப் பார்த்து ஒளித்த நிறத்தை, ஒன்றும் தெரியாமலே இந்தச் செல்கள் இவனிடம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கின்றன. அப்படியானால் இப்போது பொங்கி வளர்கிறதே சிவப்பு, அது என்ன? அது தப்பித்த கூட்டமாக இருக்கலாம். நான் உள்ளே வைத்த வெட்டுப்பட்ட புரதத்தைச் செய்வதையே நிறுத்திவிட்டு, அசல் புரதத்தை வைத்துப் பிழைத்துக்கொண்ட சில செல்கள். கைலாஷ் அவற்றைத் தேடித் தேடி எடுத்து வளர்த்திருக்கிறான்.

ஆனால் இதெல்லாம் நான் தரையில் உட்கார்ந்து கட்டுகிற கோட்டை. கமிட்டியில் போய், வாடிச்சு என்று இவன் சொல்கிறான் என்றால் சிரிப்பார்கள். வாடியது புரதத்தால்தானா, இல்லை இவன் பயந்தது போல மைக்கோபிளாஸ்மா தொற்றா? தொற்று என்றால் எல்லாமே பாழ். வாடினவற்றை வைத்துச் சோதிக்கலாம் என்றால் கையில் இருப்பது இந்த ஒரு குப்பி, மற்றவையெல்லாம் ப்ளீச்சிங் தண்ணீரில் போய்விட்டன.

"கைலாஷ், வாடினதுல ஒரு சொட்டாவது மிச்சம் வச்சிருக்கக் கூடாதா?" என்றேன். திட்டக்கூடத் தெம்பில்லை.

அவன் ஷூவையே பார்த்துக்கொண்டு ரொம்ப மெதுவாகச் சொன்னான். "வெச்சிருக்கேன்."

"என்னது?"

"ஒவ்வொரு தடவையும் கொட்டறதுக்கு முன்னாடி கொஞ்சம் செல்லை ட்யூபுல எடுத்து, பெரிய ஃப்ரீசர்ல அடியில ஒரு டப்பாவுல வெச்சிருக்கேன். மைக்கோபிளாஸ்மா டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னு. ஆனா டெஸ்ட் பண்ண எனக்குத் தைரியம் வரலை. இருக்குன்னு வந்துடுத்துன்னா மேடத்துட்ட சொல்லணும். லேப் மொத்தமும் என்னால நிக்கும்."

நான் அவனைக் கட்டிப் பிடிக்காத குறை. இப்போதுதான் திட்டிய வாயால் உடனே கொஞ்ச முடியவில்லை, அதனால் மறுபடி திட்டினேன். "எடுத்துட்டு வாடே, மசமசன்னு நிக்காம!"

முதலில் மைக்கோபிளாஸ்மா. ட்யூபிலிருந்து டிஎன்ஏ எடுத்து, பிசிஆர் போட்டு, ஜெல்லில் ஓட்டினோம். தொற்று இருந்தால் ஒரு கோடு தெரியும். ஜெல் ஓடுகிற நேரம் முழுக்கக் கைலாஷ் ஹூடைத் துடைத்துக்கொண்டிருந்தான். பார்த்தால், ஒப்பிடுவதற்காகத் தொற்று இருக்கிறது என்று தெரிந்தே வைத்த ட்யூபில் மட்டும் கோடு, இவன் சேர்த்து வைத்த ஒன்றிலும் இல்லை. சுத்தம். "அப்பாடா" என்றேன். அவன் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். எனக்கு அவனைக் கவனிக்க நேரமில்லை. அதே டிஎன்ஏவில் டெலோமியர் நீளம் அளக்கிற பிசிஆரையும் மெஷினில் ஏற்றிவிட்டு, புரதம் பார்க்கிற வேலையைத் தொடங்கினேன்.

கை வெட்டிய புரதத்துக்கு நான் முதலிலேயே ஒரு சின்ன அடையாள வாலை ஒட்டியிருந்தேன். அந்த வாலைத் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி உண்டு. வாடின செல்லில் வால் இருந்து, தப்பித்த செல்லில் வால் இல்லாமல் போனால் நான் பிழைத்தேன். இரண்டிலும் இருந்தாலோ, இரண்டிலும் இல்லாவிட்டாலோ மருந்து ப்ராஜெக்டுக்குப் போக வேண்டியதுதான். ஜெல் ஓட்டி, புரதத்தைத் தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறப்போட்டுக் குளிர் அறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கிழக்கேகோட்டை வழியெல்லாம் ஓணக்கூட்டம், புதுத்துணிப் பை இல்லாத கை இல்லை. வீட்டில் சுதீஷிடம், "நாளைக்கும் போகணும்" என்றேன். அவர், "ஓணத்துக்கு ஊரே இலை போட்டு சத்யை விருந்து சாப்பிடும், நீ ஜெல் சாப்பிடு, போ" என்று பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டார்.

திருவோணத்தன்று காலையில் பஸ்ஸே இல்லை. ஆட்டோ பிடித்துப் போனேன். கைலாஷ் எனக்கு முன்னால் வந்திருந்தான், நெற்றியில் விபூதியோடு. ஒரு தூக்குவாளியில் அவன் அம்மா கொடுத்தனுப்பிய பாலடைப் பாயசம் இருந்தது. யாரும் தொடவில்லை. தாளைக் கழுவி, இரண்டாவது ஆன்டிபாடி போட்டு, மறுபடி கழுவி, படம் எடுக்கும் மெஷினுக்குள் வைத்து மூடினேன். கம்ப்யூட்டர் திரை கொஞ்ச நேரம் சாம்பல் நிறமாகவே இருந்தது. நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். இது ஒரு தாள், இதில் கறுப்புக் கோடு வருமா வராதா, இதற்காகவா மனுஷி இப்படி ஆவாள் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

படம் வந்தது.

வாடின ட்யூப் எல்லாவற்றிலும் தடியாகக் கறுப்புக் கோடு. நேற்று வாடிய இரண்டாம் குப்பியிலும் கோடு. பொங்கி வளர்ந்துகொண்டிருந்த ஒன்றாவதிலும் மூன்றாவதிலும் ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. சந்தேகம் வேண்டாம் என்று எல்லாச் செல்லிலும் இருக்கிற வேறொரு புரதத்தையும் பார்த்தோம், அது எல்லா இடத்திலும் சமமாக இருந்தது. என் புரதத்தை வைத்திருந்தவை எல்லாம் செத்தன. தூக்கி எறிந்தவை மட்டும் பிழைத்தன. முந்தின நாள் போட்ட பிசிஆரை எடுத்துப் பார்த்தால் வாடியவற்றின் நுனி நீலத்தைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அதிலும் பிந்தி வாடியவை முந்தி வாடியவற்றைவிடக் குட்டை. தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. நான் பேற்று வலியில் கிடந்தபோதும், பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டு தூங்கி வழிந்தபோதும், நான் நினைத்தது நினைத்தபடியே நடந்துகொண்டிருந்திருக்கிறது. அந்த லீவில் எதுவும் கெடவில்லை. அதை உணர்ந்தபோது ஒரு பெரிய மூச்சு என்னை விட்டு வெளியே போனது. எத்தனை வாரமாக அதை அடக்கி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரில் சாய்ந்து வாய் விட்டு அழுதேன், சந்தோஷமாக.

மேடத்துக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தமும் விருந்தாளிகள் பேச்சும் கேட்டது. முழுக்கக் கேட்டுவிட்டு, "லோடிங் கண்ட்ரோல்?" என்றார். எல்லாச் செல்லிலும் இருக்கிற அந்தப் புரதம் சமம் என்றேன். "மைக்கோபிளாஸ்மா?" இல்லை என்றேன். "நுனி?" குறைந்திருக்கிறது என்றேன். யாரோ அவரைப் பாயசத்துக்குக் கூப்பிட்டது கேட்டது.

"டாபிக் மாத்த வேண்டாம்," என்றார் கடைசியில். "ஆரம்பத்துல ஃப்ரீஸ் பண்ணின செல்லை எடுத்து மறுபடி ஓட்டணும், இந்தத் தடவை யாரும் எதையும் மாத்தாம. அதுவரைக்கும் கமிட்டிக்கு இது போதும், தாராளம். கலரை ஒளிச்சு வெச்சேனே தவிர, குப்பி வாடினா என்ன பண்ணணும்னு அவன்ட்ட நான் சொல்லலை. அது என் தப்பு, கைலாஷ்ட்ட சொல்லிடு. அப்புறம் திவ்யா, அன்னிக்கு லீவைப் பத்தி நான் சொன்னது சரியில்லை. சொன்ன உடனேயே தெரிஞ்சுது." நான் பரவாயில்லை மேடம் என்றேன். நிஜமாகவே பரவாயில்லை.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கைலாஷ் ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தின நாள் ஜெல் படத்தைக் கையில் வைத்திருந்தான். மைக்கோபிளாஸ்மா இல்லை என்று காட்டிய படம். என் கறுப்புக் கோட்டைத் திரையில் பார்க்கக்கூட அவன் எழுந்து வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சேச்சி," என்றான். "அப்போ என் கை வழியா ஒண்ணும் கேறலை, அல்லே?"

"இல்லடே."

"ஒரு தடவைகூட?"

"ஒரு தடவைகூட இல்ல. எல்லாம் சுத்தம். பாத்தேல்ல?"

"ஓணம் கழிஞ்சு மேடத்துட்ட சொல்லிட்டு நிறுத்திடலாம்னு இருந்தேன்," என்றான். "அப்பா பேங்க் பரீட்சைக்கு எழுதிப் போட்டாச்சு. தொட்டதெல்லாம் வாடறது, இந்தக் கையை வெச்சுண்டு செல் வளக்க வந்தது தப்புன்னு தோணித்து. உங்களுக்கு சுகமா இருக்குன்னு மெசேஜ் அனுப்பிட்டு, நான் ஒவ்வொரு தடவையும் பாத்ரூம்ல போய் நின்னுட்டு வருவேன்." சொல்லும்போதே அவன் உதடு கோணியது.

இத்தனை மாதமும் நான் ஒருத்திதான் காத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கையுறை போட்டுப் போட்டு விரல் எல்லாம் வெளுத்து, சுருங்கி இருந்தது. "உன் கைக்கு ஒண்ணுமில்ல மக்கா," என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கொஞ்ச நேரம் குலுங்கிக் குலுங்கி அழுதான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பழக்கம் போல இன்குபேட்டரைத் திறந்தான்.

இரண்டாம் சிவப்புக் குப்பியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். இன்னும் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதை என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணும் பண்ணாத. தண்ணி மட்டும் மாத்தி வை. சாகட்டும்."

அவன் குப்பியை இரண்டு கையாலும் பிடித்து, அதே இடத்தில் திரும்ப வைத்து, கதவைச் சாத்தினான். கதவுக் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான்.